பிடிக்க வந்தவன்

8.8.1981, சனி. இன்று ஒரு சிறு பிழை. டீக்கடையில் காதில் விழுந்ததைப் பால்காரர் சோணையிடம் சொல்லிவிட்டேன்: பிள்ளை பிடிக்கிறவன் இந்தப் பக்கம் திரிகிறானாம். பார்த்தது யார் என்று நான் கேட்கவில்லை.

நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டு அதை மறந்தும் போனான் பிச்சுமணி. கே.கே. நகரில் குடியிருப்பவன், பகலில் குமாஸ்தா வேலை, மாலையில் புகைப்பட வகுப்பு. பறக்கும் அந்துப்பூச்சியைப் படமெடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு அந்தியில், அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் அன்னக்கொடியிடம் கேட்டுக்கொண்டு, கண்மாய்க்கு அந்தப் பக்கம் அவள் தோட்டத்து அந்திமந்தாரைச் செடி முன் குந்தியிருந்தான்.

பூச்சி வந்தது. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடித்தது. ஃபிளாஷ் வெட்டியது. சரியாக விழுந்ததோ என்னவோ என்று இன்னொன்று எடுத்தான். அந்த வெளிச்சத்தில், வேலிக்கு அப்பால் ஆட்கள் நிற்பது தெரிந்தது.

"யார்ரா அது, வெளிச்சம் அடிக்கிறது?"

"பிடிக்க... பிடிக்க வந்தேன்." பூச்சி என்ற சொல் பிச்சுமணியின் வாயில் வரவே இல்லை.

"கேட்டீகளா மாப்ள? புடிக்க வந்தானாம்."

"புள்ளைய மயக்கத்தான் வெளிச்சம் அடிக்கிறான். விடாதீகடா."

வேலிப் படல் சாய்ந்தது. கேமராவை வயிற்றோடு அணைத்துச் சுருண்டான். முதல் அடி தோளில் இறங்கியது. இங்கேயே செத்துப்போவோம் என்று நினைத்தான். அடுத்த அடிக்குக் கம்பை ஓங்கியவன், ஆளைப் பார்க்க டார்ச்சை அடித்தான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"பிச்சு சாரா?" சோணைதான். "நேத்து நீங்கதான சார் சொன்னீக, புள்ள புடிக்கிறவன் திரியுறான்னு? படிச்சவுக சொன்னா சரியா இருக்கும்னு எங்க தெரு பூராம் சொல்லிட்டு வந்தேன்."

தண்ணீர்க் குடத்தோடு வந்த அன்னக்கொடி கூட்டத்தை விலக்கினாள். "நாந்தாண்ணே வரச் சொன்னேன். பூச்சியப் படம் புடிக்கிறாரு. இம்புட்டுப் பேரு கம்பெடுத்தீகளே, எந்த வீட்டுப் புள்ளையக் காணோம்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரவர் பிள்ளைகள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"பாத்தது யாருன்னு நான் கேக்கலைண்ணே," என்றான் பிச்சுமணி. "நீங்களும் கேக்கலை. தெரியாத ஆளா இருந்தா இந்நேரம் கொன்னிருப்பீங்க."

சோணை கம்பைக் கீழே போட்டான்.

9.8.1981, ஞாயிறு. சிறு பிழை என்று நேற்று எழுதியது தவறு. பார்த்தவர் யார் என்று கேட்காமல் ஒரு செய்தியை அடுத்தவரிடம் சொல்கிறவன், முன்பின் தெரியாத ஒருவனை அடிக்கக் கம்பு எடுத்துக் கொடுக்கிறான். நாளைக் காலை சோணை அண்ணனோடு பால் ஊற்றும் வீடுகளுக்கெல்லாம் போய், நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும்.