முற்றத்தில் மட்டும் நடப்பவர்

தையல்காரம்மாவின் கணவருக்கு வீட்டுக்குள் ஓரடிகூட எடுத்துவைக்க முடியாது. பின்முற்றத்தில் மட்டும் நன்றாக நடப்பார். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். ஒருநாள் ஓட்டும்போதே இரண்டு கால்களும் மரத்துப்போக, கைபிரேக்கை இழுத்து, பயணிகள் யாருக்கும் ஒரு கீறல் விழாமல் வண்டியை ஓரங்கட்டியவர், அதன்பின் சக்கர நாற்காலியோடு சரி. நாற்காலியின் சக்கரம் பின்முற்றத்துச் சேற்றில் புதைவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் தரையில் பேவர் பிளாக் கல் பதிக்க ஏற்பாடு செய்தாள். மனுஷர் மேல் கொஞ்சம் வெயில் படட்டும் என்பதற்கு மேல் அவளுக்கு ஆசை இல்லை.

மேஸ்திரி மண்ணைத் தோண்டி, ஜல்லியைப் பரப்பி மெஷினால் இறுக்கி, மணலைச் சமமாக இழுத்துவிட்டு, கற்களை ஒன்றோடொன்று பூட்டினார். மழைத்தண்ணீர் சுவர்ப்பக்கம் வராமல் லேசாகச் சரிவும் கொடுத்தார். வேலை முடிந்ததும் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தினாள். கணவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அந்த மூலைல ஒரு கல்லு திரும்பிக் கிடக்கு பாருங்க" என்று எழுந்துபோய்க் காலால் தட்டிக் காட்டினார். மேஸ்திரி குனிந்து அதைச் சரியாக வைத்து முடித்த பிறகுதான், தட்டிக் காட்டியது யாருடைய கால் என்று மூவருக்கும் உறைத்தது. மருத்துவர் வந்தார். வீட்டுக்குள் ஊசியால் குத்தியும் அசையாத பாதம், முற்றத்துக் கல்லின் மேல் அவர் விரல் பட்டதுமே கூசியது. "நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காலையா, கல்லையா என்று அவள் கேட்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொள்வது என்று தானாகவே முடிவுசெய்துகொண்டாள்.

எறும்பு மணலை வாரிக்கொண்டுபோன இடத்தில் அவர் தடுமாறினார். பாசி படிந்த இடத்தில் குழந்தையைப் போலத் தயங்கினார். ஆகவே இடுக்கில் புல் முளைத்தால் பழைய கத்தியால் வேரோடு நெம்பி எடுத்தாள். பாசியைப் பிரஷ்ஷால் தேய்த்தாள். குழாயைப் பீய்ச்சினால் இடுக்கு மணல் கிளம்பிவிடும் என்று வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவினாள். வருஷங்கள் அப்படியே ஓடின. மகள் கல்யாணமாகிப் போனாள், பேத்தி பிறந்தாள், அவர் முற்றத்தில் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

பிறகு அடியில் போன தண்ணீர்க் குழாய் வெடித்தது. கற்களை எல்லாம் பெயர்த்துத்தான் குழாயை மாற்ற முடிந்தது. மேஸ்திரி எப்போதோ ஊரை விட்டுப் போயிருந்தார். சமையலறை வாசலில் நாற்காலியில் இருந்த கணவர், குவிந்து கிடந்த கற்களைப் பார்த்தபடி சொன்னார்: "விட்ரு. இவ்ளோ நாள் நடந்ததே பெருசு."

"நீங்க சும்மா இருங்க. பிரிச்சுத் தைக்கிறது எனக்கென்ன புதுசா?"

அவளே ஜல்லியை இறுக்கினாள், பலகையால் மணலை இழுத்தாள், ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டி உட்கார வைத்தாள். உள்ளங்கை கொப்பளித்து, ஊசியில் நூல் கோக்கவும் முடியாமல் போயிற்று. முடித்துவிட்டு அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தினாள். அவர் எழுந்தார், அப்படியே மடிந்து விழுந்தார்.

அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு அவளும் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு அவள் அழுததை அவர் அதுவரை பார்த்ததில்லை. அழுதுகொண்டே விரலால் இடுக்கைத் தடவியவள் சட்டென்று நிறுத்தினாள். மேலே ஈரமணல் அப்பியிருந்தது. உள்ளே வெறும் ஓட்டை. ஈரமணல் இறங்குமா? எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, புது மணலைத் துப்பட்டியில் பரப்பிக் காயவைத்து, பொலபொலவென்று ஆன பிறகு கொட்டி, குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கினாள். மணல் கல்லிடுக்கில் சரசரவென்று இறங்கியது. அவள் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போதே விளக்குமாற்றை யாரோ கையிலிருந்து வாங்கினார்கள்.

"நீ போய்க் கைக்கு மருந்து போடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் கணவர்.

அடுத்த வருஷம் இருவருமாகச் சேர்ந்து வீட்டின் பக்கவாட்டிலும் கல் பதித்து வெளிக்கேட் வரைக்கும் கொண்டுவந்தார்கள். அவர் கேட்டில் நின்று தெருவைப் பார்ப்பார்; பழைய கூட்டாளிகள் பஸ்ஸில் போகும்போது ஹாரன் அடிப்பார்கள். புதிதாக அடுத்த வீட்டுக்கு வந்தவருக்கு அக்கம்பக்கத்தார் விஷயத்தைச் சொன்னார்கள். அந்தப் புதியவர் ஒருநாள் நின்று கல்லை நன்றாகப் பார்த்துவிட்டு, "இது மேல கார் நிறுத்துனா தாங்குமாங்க?" என்று கேட்டார்.

"ஆள் நடக்கறதுக்கு இது போதும்" என்றாள் தையல்காரம்மா. "காருக்குன்னா இன்னும் கனமான கல்லா வாங்குங்க."