கதவைத் தட்டுகிற குரல்

"உன் பேச்சு நல்லாருக்குன்னுதான் சொல்றேன். வேத்துக் கிரகத்து ஆளுக்கு..."

"இரு, நான் பேசி முடிச்சுக்கறேன்..."

"...அப்பிடியே பொருந்தும்."

"வேத்துக் கிரகத்துக்குக் கரியாலூர்லேர்ந்து பஸ் வுட்டிருக்காங்களா?"

கவியா கேட்டதற்குச் சந்தியா சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றினாள். கள்ளக்குறிச்சியில் அவளும் அவள் அண்ணன் தீனதயாளனும் நடத்தும் செல்போன் கடையின் பின்னறை அது. சத்தம் புகாமலிருக்கச் சுவரெல்லாம் போர்வை தொங்கியது. அவர்கள் பிறக்கும் முன்பே தொடங்கி இன்னும் டிவியில் ஓடிக்கொண்டிருக்கும் விண்கப்பல் தொடருக்கு ரசிகர்கள் மூவரும். அந்தக் கப்பலை வைத்துத் தீனதயாளன் ஒரு குரல் நாடகம் எழுதியிருந்தான். வழி தப்பிய வேற்றுக் கிரகத்துக்காரி கப்பல் கதவைத் தட்டுகிறாள், கேப்டன் சேர்த்துக்கொள்கிறார். கேப்டன் குரல் அவனுக்கு. தட்டுகிறவள், கரியாலூர் மலையிலிருந்து நர்சிங் படிக்க வந்திருக்கும் கவியா.

"உனக்குன்னே எழுதினது கவியா. கேப்டன் பேசறது எல்லாருக்கும் புரியணும்ல?"

"புரியாமலா இத்தினி நாளா எங்கிட்ட பேசிக்கினு இருக்கற? நீயே வார்த்தைக்கு ஒரு 'இன்னா' போடற."

"மைக்ல மாத்திப் பேசுவேன்."

"எனக்கும் மாத்தத் தெரியும். மாத்த மாட்டேன்."

"அந்தக் கப்பல்ல எல்லாரும் ஒண்ணுன்னு உனக்குச் சொல்லணுமா? நம்ம கதையே அதானே. அவள உள்ள சேத்துக்கறோம்ல."

"சேத்துக்கறது எப்பவும் நீங்க. தட்டறது எப்பவும் நாங்களா?"

தீனதயாளன் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"எங்கம்மா வூட்டுக்கு வூடு சொல்லி வச்சிருக்கு, கவியா கப்பல்ல பேசப்போவுதுன்னு. சிக்னல் கிடைக்கற மேட்டுல எல்லாரும் ஒக்காந்து கேப்பாங்க. யாரா பேசினன்னு கேட்டா, வழி தப்பி வந்தவளான்னு சொல்லட்டா?"

"டிவி தொடர்ல நீல மூஞ்சிக்காரியக் கேப்டனாப் போட்டப்ப, புடிக்கலன்னு எழுதினவங்களோட எல்லாம் சண்ட போட்டியேண்ணா," என்றாள் சந்தியா.

"அது வேற."

"இன்னா வேற?"

அவன் காதைச் சொறிந்துகொண்டான். கேப்டன் வசனம் முழுக்க அவனுக்கு மனப்பாடம். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்ப்பான் என்பது சந்தியாவுக்குத் தெரியும். அந்த வசனம் இருந்த தாளைக் கவியா பக்கம் மெல்லத் தள்ளினான்.

"அப்ப தட்டறது யாரு?"

"நீதான். கேப்டன் குரல்ல தட்டாத. பயந்துக்கினு தட்டு."

சந்தியா பதிவைத் தொடங்கிக் கை காட்டினாள். தீனதயாளன் மேசையில் மெதுவாகத் தட்டினான். கவியா தாளைப் பார்க்கவில்லை. மைக்கருகே குனிந்து, அம்மாவிடம் பேசுகிற அதே இழுப்பில் சொன்னாள்:

"தொறந்துதான் இருக்குது, உள்ள வா. எங்கேர்ந்து வர நீ?"