அல்லிக்குச் செதுக்கிய தாமரை

கல்தச்சர் கல்லின் மேல் தண்ணீரை ஊற்றித் துடைத்தார். தூசி விலகியதும் அம்மாவின் பெயர் பளிச்சென்று தெரிந்தது: அல்லி. அதற்கு மேலே பெரிதாக ஒரு பூ.

“எப்படி இருக்கு பெரியவரே? உங்க பையன் போன்ல படம் அனுப்பிச்சார். அச்சு அசலா இறக்கிட்டேன்ல?”

அப்பா குனிந்து இதழ்களைத் தடவிப் பார்த்தார். மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. நினைவுக் கல்லில் பெயருக்கேற்ற பூவைப் போடலாம் என்பது அவனுடைய யோசனை.

“வேலை சுத்தமா இருக்கு. ஆனா இது தாமரைடா.”

“ரெண்டும் தண்ணியில பூக்கிறதுதானேப்பா?”

“இது பகல்ல பூக்கும். அவ ராத்திரிப் பூ.” அப்பா சிரிக்கப் பார்த்தார். “கைக்குழந்தையில பகல் பூரா தூங்கிட்டு, ராத்திரியானா கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு கிடப்பாளாம். உங்க தாத்தா மில்லுல ரெண்டாவது ஷிஃப்டு முடிச்சு வர்றப்ப தெருவே தூங்கும், இவ மட்டும் அவரைப் பார்த்துச் சிரிப்பா. ‘எனக்குன்னு பூத்திருக்கா பாரு’ன்னு அவர் வச்ச பேரு. உங்கம்மா சொன்னதில்லையா?”

சொல்லியிருப்பாள். இவன் காது கொடுத்திருக்க மாட்டான். கடைசிக் காலத்தில் அவள் இவனுடைய வீட்டில் தங்கியிருந்தபோது, எல்லோரும் படுத்த பிறகு அவள் கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “மனுஷங்க தூங்குற நேரம்மா இது” என்று இவன் வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போவான். அவள் மறுபேச்சுப் பேசியதில்லை. இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாளா, எழுந்து போனாளா என்று இவன் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

கல்தச்சரிடம் திரும்பினான். “இதை அழிச்சுட்டு வேற பூ போட முடியுமா?”

“பள்ளம் விழுந்துடும் சார். வேற கல்லுதான் எடுக்கணும். நாளைக்குக் காலையில நடணும்னு நீங்கதானே அவசரப்படுத்தினீங்க?”

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். கல்லைப் பார்த்ததும் பட்டறை வாசலிலேயே நின்றாள்.

“அம்மாவுக்குத் தாமரையா? எந்தப் புத்திசாலி போடச் சொன்னது?”

இவன் அப்பாவைப் பார்த்தான்.

“நான்தாம்மா,” என்றார் அப்பா. “ஏதோ நினைப்புல சொல்லிட்டேன்.”

“நல்லா குடும்பம் நடத்தினீங்கப்பா! பொண்டாட்டி பேருக்கு என்ன அர்த்தம்னுகூடத் தெரியாம.”

அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அக்காவுக்குக் கோபம் அழுகையாக மாறியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் திரும்பினாள்.

“அவருக்குத்தான் வயசாச்சு. நீயாவது கூட இருந்து பார்த்திருக்கக் கூடாதாடா?”

கல்தச்சர் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்த்திருக்கணும்க்கா,” என்றான்.