வண்டிக்கு என்ன நட்சத்திரம்

நான் லாரி கியர் பாக்ஸைக் கையால் பிரித்து மாட்டியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த கிறுக்குத்தனத்தைக் கேட்டுவிட்டு, பாவம், விவரம் தெரியாத ஆள் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். ஒரகடம் பக்கம் தொழிற்சாலை கட்டுகிற இடங்களில் என் டிப்பர் லாரிகள் ஏழு ஓடின. கிளட்ச் தேய்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட பரசுராமன்தான், இரண்டாயிரத்து ஏழு ஆவணியில், அந்த வெள்ளை வண்டியை வாங்கினேன்.

கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வாய் கசக்கும். வெளிநாட்டு வண்டி. ஏழு பேர் உட்காரலாம், கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். காஞ்சிபுரத்தில் அப்போது அந்த மாதிரி இன்னொன்றை நான் பார்க்கவில்லை. குமரகோட்டத்தில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது தெருவே வெளியில் வந்து நின்றது.

அக்காவும் வந்திருந்தாள். அலமு என் கூடப் பிறந்தவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். திருப்புட்குழிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். மாமா போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. அண்டாக்களைத் தூக்கித் தூக்கி வலது முட்டி போய்விட்டது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, நாலு முழம் கதம்பத்தோடு வந்து நின்றாள்.

"ஏயப்பா! எம்மாம் பெரிசுடா!" என்று வாயைப் பிளந்தாள். "நம்ம வூட்டு வண்டியாடா இது? இந்த ஜில்லாவுலயே இருக்காதுடா!"

முன்பக்கத்தை ஒரு முறை தடவிப் பார்த்தாள். கதம்பத்தை வண்டிக்குச் சாத்தப் போனபோது என் மனைவி துர்கா குறுக்கே வந்து, "குடுங்க அண்ணி, நான் போட்டுக்கறேன்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மாள் ஆரத்தி சுற்றினார். அக்கா கேட் பக்கமாக ஒதுங்கி நின்றாள். விசேஷங்களில் ஒதுங்கி நிற்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. எனக்கும் அதைப் பார்ப்பது பழகிப்போயிருந்தது, வெட்கக்கேடு.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "பரசு, ஒரே ஒரு திங்கக்கிழம என்ன இதுல மாகறல் கோயிலுக்குக் கூட்டிக்கினு போடா. பஸ்ஸுல ஏற முடியலடா, முட்டி ரொம்ப நோவுது."

மாகறல் நாங்கள் பிறந்த ஊர். எலும்பு நோவுக்கு அங்கே திங்கட்கிழமைதான் வேண்டிக்கொள்வார்கள்.

"வர்ற திங்கக்கிழமையே போலாம்க்கா" என்றேன்.

மறுநாளே ஆரம்பித்தது. ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறுகிற இடத்தில் வண்டி ஒரு உதை உதைத்தது. பிறகு எஞ்சின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. மூன்று நான்கு விநாடி கழித்துத் தடாலென்று கியர் விழுந்தது. துர்காவின் தலை முன்னால் போய் வந்தது.

"நேத்து யாரு கண்ணு பட்டுதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"வாய மூடு" என்றேன். ஆனால் அன்றைக்கே பூசணிக்காய் வாங்கி வந்து சுற்றி உடைத்தேன். அவள் சொன்னதுதான், நம்பியது நான். பெண்டாட்டி மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம், அதைச் செய்ய மாட்டேன்.

சென்னையில் ஒர்க் ஷாப்புக்கு முதல் முறை போனபோது, "புது கியர் பாக்ஸ் சார், உங்க காலுக்குப் பழகணும்" என்றார்கள். இரண்டாவது முறை ஏதோ சாஃப்ட்வேர் போட்டார்கள். மூன்றாவது முறை கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஃபால்ட்டும் காட்டல சார், நீங்க லாரி ஓட்டுற மாதிரி மிதிக்கிறீங்க" என்றான் ஒரு டை கட்டின பையன். அடித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்த வாரமே பழையபடி உதைத்தது. பின்னாலெடுக்கிற கியர் சில நாள் விழவே விழாது, சொந்த வாசலிலிருந்து நாலு பேர் தள்ளி வெளியே எடுத்திருக்கிறேன். படிகாரம் கட்டினேன், கறுப்புக் கயிறு கட்டினேன், மிளகாய் சுற்றிப் போட்டேன்.

அக்காவை வண்டிக்கிட்டே விடவில்லை.

போன் செய்தால், "கியரு சரியில்லக்கா, சர்வீஸ்ல இருக்குது" என்பேன். பாதி நாள் வண்டி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும். "சரிப்பா, வந்ததும் போலாம். அவசரம் இல்ல" என்பாள். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தை மாதத்தில் ஒரு நாள் வேலூரிலிருந்து தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். திருப்புட்குழி பஸ் ஸ்டாப்பில் அக்கா நின்றிருந்தாள், பக்கத்தில் அவளோடு சமைக்கிற அன்னம்மாளும் நின்றிருந்தாள். அக்கா என் வண்டியைப் பார்த்துவிட்டாள், கையைத் தூக்கினாள். நான் பெடலை அழுத்தி மிதித்தேன். எஞ்சின் அலறியது, கியர் விழவில்லை. வண்டி வேகம் எடுப்பதற்குப் பதிலாக ஊர்ந்தது. அவள் முன்னால், அவள் தூக்கின கைக்கு முன்னால், மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தது. கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்தேன். உள்ளே நான் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் காலைத் தாங்கித் தாங்கிக் கூடவே நாலு எட்டு நடந்து வந்தாள். அப்புறம் கியர் விழுந்தது, வண்டி பாய்ந்தது.

அப்போது என் மனசு என்ன சொன்னது தெரியுமா? பார்த்தியா, அவள் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டது என்று சொன்னது. சத்தியமாக அதைத்தான் சொன்னது.

மறுநாள் அவளே போன் செய்தாள். "உன் வண்டி மாதிரியே ஒண்ணு நேத்து போச்சுடா. நீயா இருந்தா நிறுத்தியிருப்ப இல்ல" என்று சிரித்தாள்.

"ஆமாக்கா" என்றேன்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை அன்னம்மாள் போன் செய்தாள். மாகறலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்கா கால் தவறி விழுந்துவிட்டாள் என்றாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. செங்கல்பட்டில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றைக்கு உண்மையாகவே வண்டி ஒர்க் ஷாப்பில் இருந்தது, ஐந்தாவது முறையாக. கட்டிலில் படுத்துக்கொண்டு, "வண்டி வந்துடுச்சாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. நெஜமாவே சர்வீஸ்ல இருக்குது."

அந்த 'நெஜமாவே' என் வாயிலிருந்து ஏன் வந்தது என்று தெரியவில்லை. அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "வந்துடும்டா. சரியாப் பூடும்" என்றாள். காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. பதினோராம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுவாரம் ஒர்க் ஷாப்பிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு ஃபோர்மேன் வந்திருந்தார், மயில்வாகனம் என்று பெயர். கம்ப்யூட்டரை ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கறையாக்கிக்கொள்கிற ஆள். ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கியர் ஆயில் சிவப்பாக, தெளிவாக இருக்க வேண்டும். ஜாடியில் இருந்தது ரோஸ் மில்க்.

"தண்ணி கலந்திருக்குது சார். கியர் ஆயில் சூடு ஆறறதுக்கு ரேடியேட்டருக்குள்ளயே ஒரு குழாய் போவுது. அந்தக் குழாய்ல தண்ணி கசியாம அடைக்கிற ரப்பர் சீல் இருக்குதே, அதக் கோணலா மாட்டியிருக்காங்க. துளித்துளியா உள்ள எறங்கிக்கினே இருந்திருக்குது. நீங்க அடிக்கடி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தியிருப்பீங்களே?"

ஊற்றினேன். மாசம் தவறாமல் ஊற்றினேன். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று என் லாரியாக இருந்தால் முதல் மாதமே கேட்டிருப்பேன். இதில் கேட்கவில்லை. எனக்குத்தான் காரணம் ஏற்கெனவே தெரியுமே!

"எப்பலேர்ந்து?" என்றேன். "நடுவுல ஏதாவது ஆகி..."

"நடுவுலல்லாம் இல்ல சார். ஃபேக்டரில மாட்டும்போதே கோணல். நீங்க இந்த வண்டியக் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே."

கண்ணால் பார்ப்பதற்கு முன்னாடியே. அந்த ஒர்க் ஷாப் தரையில், எண்ணெய்க் கறையில், வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து அழுதேன். மயில்வாகனம் பதறிவிட்டார். "அழாதீங்க சார், வாரண்டி இருக்குது. கியர் பாக்ஸே புதுசா மாத்திக் குடுத்துடுவாங்க" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நல்ல மனுஷன்.

மாற்றிக் கொடுத்தார்கள். பாழாய்ப்போன வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. காஞ்சிபுரத்துக்குத் திரும்புகிற இடத்தில் நான் திரும்பவில்லை, நேராகத் திருப்புட்குழிக்கு விட்டேன். பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினேன். பள்ளிக்கூடம் விட்டு அன்னம்மாள் வந்துகொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏறுங்கம்மா, வூட்டுல விடறேன்" என்றேன்.

"இப்ப நிறுத்தத் தெரியுதா?" என்றாள்.

கதவைத் திறந்துவிட்டேன். அவள் விடுவதாக இல்லை. "அன்னிக்கு நானும்தான் நின்னுக்கினு இருந்தேன். உன் தம்பி வண்டிதானேன்னு கேட்டேன். இல்ல, அவன் வண்டி சர்வீஸ்ல இருக்குதுன்னா. நம்பர் அவளுக்கு மனப்பாடம்ப்பா. பாத்துக்கினே சொல்றா, இல்லன்னு."

"அக்கா மாகறலுக்கு முட்டி வலிக்காகப் போனாங்க..." என்று ஏதோ இழுத்தேன்.

"முட்டியா?" அன்னம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "முட்டிக்குப் போறவ பஸ்ஸுல அவ்ளோ இடி வாங்கிக்கினு போவாளா? ஒன்னோட வண்டிக்குப்பா! தம்பி வண்டி கியரு சரியில்ல, அவன் மனசு ஒடஞ்சி கெடக்கிறான்னு ஒம்போது வாரம் அர்ச்சன வேண்டிக்கினா. வண்டி நம்பருக்கு அர்ச்சன! குருக்கள் சிரிச்சிக்கினே கேட்டாராம், வண்டிக்கு என்னம்மா நட்சத்திரம்னு. வாங்குன அன்னிக்கு ரோகிணி சாமி, அதையே சொல்லுங்கன்னாளாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. ஏழாவது வாரம் விழுந்துட்டா."

வண்டியில் ஏறாமல் நடந்து போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மாகறலுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். பாலாற்றுப் பாலத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்குக் கியர் மாறியதே தெரியவில்லை. பக்கத்து ஸீட்டில் யாரும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்தால், "என்னாடா இது, ஓடுதா நிக்குதா?" என்று கேட்டிருப்பாள். பாலம் முடிகிற வரைக்கும் அவள் குரலிலேயே அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கோயிலில் நல்ல கூட்டம். மூன்று வாரம் பாக்கி, அதை முடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றபோது, வண்டி நம்பரைச் சொல்ல வாய் வரவில்லை.

"யார் பேருக்கு?" என்றார் குருக்கள்.

"அலமு" என்றேன். இறந்தவர் பெயருக்கு அர்ச்சனை செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லவில்லை.

"நட்சத்திரம்?"

வாயைத் திறந்தேன். என் ஏழு டிப்பர்களின் நம்பரும் தெரியும். எது எந்த மாதம் எஃப்.சி. தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும். அந்த வெள்ளைச் சனியனின் நட்சத்திரம்கூட இப்போது தெரியும். அம்மா இல்லை, அப்பா இல்லை. இந்த மாதிரி விஷயமெல்லாம் எங்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருத்திதான் இருந்தாள்.

குருக்கள் கையை நீட்டியபடி நின்றார். எனக்குப் பின்னால் வரிசை நகராமல் நின்றது.

"தெரியாது சாமி" என்றேன். "எங்க அக்கா. தெரியாது."