பட்டியலில் ஒரு பச்சைப் புள்ளி

தைவானின் தைனான் நகரில் மென்பொருள் எழுதும் பத்துப் பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு பட்டியல் நடத்தினார்கள். ஊருக்கு உபயோகமான செயலிகளைத் தேடுகிறவர்கள் அங்கேதான் போவார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் செயலியைச் சேர்க்கலாம் என்று முதல் வரியில் இருந்தது. எப்படியெல்லாம் சேர்க்க முடியாது என்பது அடுத்த நாற்பத்திரண்டு வரிகளில் இருந்தது.

பெய்ஷான் எழுதிய செயலிக்கு ஒரே வேலை. குப்பை வண்டி பாட்டோடு தெருமுனைக்கு வந்ததும் வீட்டில் ஒரு சிவப்பு விளக்கை எரியவைக்கும். அவள் அப்பாவுக்குக் காது கேட்காது. காலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பால்கெண்டை மீன் சுத்தம் செய்து கொடுப்பவர். வண்டியைத் தவறவிட்டால் மீன் குடலோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். இரண்டு வருடமாக விளக்கு ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. காது கேளாத மற்றவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்று பெய்ஷான் ஆசைப்பட்டாள். ஆசை நியாயமானது, போன இடம்தான் சரியில்லை.

பட்டியலின் காவலர்களில் மூத்தவன் லாய் ஜெங்ஹாவ். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவள் விண்ணப்பத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உங்க செயலி செத்துப்போச்சு."

"நேத்து சாயங்காலம்கூட விளக்கு எரிஞ்சுதே."

"எரியட்டும். நிரல்ல கை வெச்சு ஏழு மாசம் ஆச்சு. ஆறு மாசம் அசையலைன்னா செத்ததுன்னு விதி. பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி வராது."

"தப்பு இருந்தாத்தானே கை வைக்கணும்?"

"இந்த வானிலைச் செயலியைப் பாருங்க. வாரம் தவறாம மாத்துறாங்க. என்ன உயிர்ப்பு பாருங்க."

"அது திறக்கவே மாட்டேங்குதே."

"திறக்கணும்னு விதியில இல்லையே. ஒண்ணு பண்ணுங்க, ஒரு வெத்து வரியைச் சேருங்க, அப்புறம் எடுத்துடுங்க. நாங்கள்லாம் அப்படித்தான்."

பெய்ஷானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெற்று வரி போட்டு உயிர்ப்பிச்சை கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. மாற்றினால் ஒழுங்காக மாற்றுவது என்று, செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து, செயலிக்குள் இருந்த பழைய பாகங்களை எல்லாம் புதிய பதிப்புக்கு மாற்றினாள். எல்லாவற்றையும் சோதித்தாள். விளக்கு மட்டும் வீட்டில் இருந்தது. அரை மணி நேரத்தில் பச்சைப் புள்ளி வந்துவிட்டது. 'மறுபிறவிக்கு வாழ்த்துகள் அக்கா' என்று ஜெங்ஹாவ் பட்டியல் பக்கத்தில் எழுத, பார்த்தவர்களில் பதினேழு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

முகமெல்லாம் சிரிப்பாக அவள் வீடு திரும்பியபோது அப்பா வாசலில் நின்றார். காலடியில் மூன்று மூட்டை. மறுநாள் புதன், வண்டி கிடையாது.

"எல்லாரும் போட்டுட்டு வெறுங்கையோட திரும்பி வர்றாங்க, அப்பத்தான் தெரிஞ்சுது" என்று அப்பா கையால் பேசினார். "விளக்கு எரியல."

"இன்னைக்குக் கொஞ்சம் மாத்தினேன்பா" என்று அவளும் கையால் சொன்னாள்.

"ஏன், என்ன கெட்டுப்போயிருந்துது?"

பெய்ஷானுக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போய், ஏழு மாதம் அசையாமல் கிடந்த அந்தச் செத்த நிரலையே எடுத்துத் திரும்பப் போட்டாள். சோதித்துப் பார்த்தாள், விளக்கு எரிந்தது.

மூட்டைகளுக்குக் குளிர்பதனப் பெட்டியில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. ஜெங்ஹாவ்தான்.

'ஒரே நாள்ல ரெண்டு மாற்றம். இப்படித்தான் இருக்கணும் அக்கா.'