அழகேசன் இன்னும் கீபோர்டு வாங்கவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தது. என் பழைய கீபோர்டு படுத்துவிட்டது. புதிதாக எதை வாங்கலாம் என்று கேட்டதற்கு, நண்பர் ஒருவர் என்னைக் கீபோர்டுப் பைத்தியங்களின் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஆட்கள். கேட்டேன், சொன்னார்கள், அன்று மாலையே வாங்கிவிட்டேன். குழுவை விட்டு வெளியே வரத்தான் மறந்துபோனேன்.

அங்கே ஒருவர் (பெயர் வேண்டாம்) மாதக்கணக்கில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலைக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரே வயர்லெஸ் மெக்கானிக்கல் கீபோர்டு வேண்டும், எது நல்லது? யாராவது பதில் சொன்னால் அந்தப் பதிலுக்குள்ளிருந்தே அடுத்த சந்தேகத்தைக் கிளப்புவார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு ஒருநாள் அவர் கேள்விக்கு யாருமே பதில் போடவில்லை. சாயங்காலம் அவரே இன்னொரு வரி போட்டார்: "யாராவது இருக்கீங்களா?"

அதில் கீபோர்டைப் பற்றி ஒன்றுமே இல்லை. நான் அன்று எழுதிக்கொண்டிருந்த வேறு கதையை மூடி வைத்தேன்.

அந்த மனிதரை எனக்குத் தெரியாது. அதனால் அழகேசன் என்று ஒருவனை உண்டாக்கினேன்.

2

தொடங்குவதுதான் பெரும்பாடு.

"திருவேற்காட்டில், மூன்றாவது மாடியில், அழகேசன் தனியாக—"

வேண்டாம். தனியாக என்று நானே போட்டு உடைத்துவிட்டால் மிச்சக் கதை எதற்கு?

"மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. சிவப்பு சுவிட்ச் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், கேமுக்கு ஏற்றது. நீலம் டக்டக்கென்று கத்தும். பழுப்பு இரண்டுக்கும் நடுவே—"

இது கட்டுரை. [ஆனால் விட்டுவைக்கிறேன். தெரியாதவர்களுக்கு உதவும்.]

"அன்றைக்கு அழகேசனோடு பேசிய ஒரே மனிதர் தண்ணீர் கேன் போடுகிறவர். அவரும் 'காலி கேன் எங்க?' என்றுதான் கேட்டார்."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

அழகேசனுக்குச் சொந்த ஊர் துறையூர். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மென்பொருளில் கோளாறு வந்தால் சரிசெய்து தருகிற வேலை. அலுவலகத்தை மூடி எல்லோரையும் வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் இரண்டு பேர் கல்யாணம் ஆகிப் போய்விட, இவன் மட்டும் மிஞ்சினான். ஹாலில் இன்னும் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கின்றன. ஒன்றில் உட்காருவான், ஒன்றில் துணி கிடக்கும்.

பகல் முழுக்க மீட்டிங். ஒருவரும் கேமராவைப் போடுவதில்லை. மேலாளர் பவ்யா, "அழகேசன், எனி அப்டேட்?" என்பாள். "நோ அப்டேட்" என்பான். வேலை முடிந்ததும் கேம். இவனோடு சேர்ந்து சுடுகிற நாலு பேரும் வேறு வேறு தேசம். அவர்கள் பாஷையில் எதையோ கத்துவார்கள். திட்டுகிறார்களா, எச்சரிக்கிறார்களா என்று இவனுக்குப் பிடிபடுவதில்லை. எப்படியும் செத்துப்போவான்.

(கோயிலுக்காவது போகலாமே, திருவேற்காட்டு அம்மன் பக்கத்திலேயே இருக்கிறாளே என்று உங்களில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. போனான். அர்ச்சகர் பெயர் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்டார். அப்படி ஒருவர் கேட்டது பிடித்துப்போய், அடுத்த வெள்ளிக்கிழமையும் அர்ச்சனைச் சீட்டு வாங்கினான். இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. தாண்டிப் போய்விடலாம்.)

கீபோர்டு அவனுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. அதில் பொய்யில்லை. மடிக்கணினியில் சில எழுத்துகள் உள்ளே போனால் மேலே வர அடம்பிடித்தன. குழுவில் கேட்டான். கஜபதி என்கிற ஆள் பதில் போட்டான்.

"கண்ணால பாத்து வாங்காத ப்ரோ. விரலால பாத்து வாங்கு. டெஸ்டர் ஒண்ணு அனுப்பறேன்."

டெஸ்டர் என்பது உள்ளங்கை அகலப் பலகை. அதில் ஒன்பது சுவிட்ச், ஒவ்வொன்றும் ஒரு ரகம். எந்தக் கணினியோடும் இணையாது, சும்மா அழுத்திப் பார்க்க மட்டும். இந்தக் குழுவில் அதை ஆளுக்கொரு வாரம் வைத்திருந்து அடுத்தவருக்கு அனுப்புவது வழக்கம். கஜபதி அதைப் பூந்தமல்லியில் தெரிந்த ஷேர் வேன் டிரைவரிடம் கொடுத்துவிட, அழகேசன் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொண்டான்.

"ஒவ்வொண்ணா அமுக்கி வாய்ஸ் நோட் போடு ப்ரோ. சத்தத்த கேட்டு சொல்றேன்."

ஒன்பதையும் அழுத்திப் பதிவு செய்து அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் கஜபதியின் குரல் வந்தது.

"நாலாவது நல்லாகீது. அத்த உடு. இன்னா ப்ரோ, பின்னால ஒரு சத்தமும் காணோம்? டிவி இல்ல, மிக்ஸி இல்ல, புள்ளைங்க சத்தம் இல்ல. ஊட்ல தனியாவா கீறே?"

அழகேசன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அதையே மறுபடி கேட்டான். பிறகு இன்னொரு தடவையும் கேட்டான். அந்த வீட்டின் அமைதியை அதுவரை யாரும் கேட்டதில்லை. அழுதுவிடுவோமோ என்று பயந்து, "ஆமா ப்ரோ" என்று மட்டும் தட்டி அனுப்பினான்.

"சாப்ட்டியா?" என்று வந்தது.

4

அன்றோடு கீபோர்டு வாங்கும் எண்ணம் போய்விட்டது. வாங்கினால் இந்தப் பேச்சு நின்றுவிடும் என்பது அவனுக்குப் புரிந்தது. கேள்வி இருக்கும் வரைக்கும் கஜபதி இருப்பான்.

கேள்விக்கா பஞ்சம்? ப்ளூடூத்தில் இணைத்தால் கேமில் தாமதம் ஆகுமா என்று கேட்டான். ஆகும், யூஎஸ்பியில் செருகுகிற குட்டி ரிசீவரோடு வருவதை வாங்கு என்று பதில் வந்தது. ரிசீவர் தொலைந்துபோனால்? "தொலைக்காத ப்ரோ." மீட்டிங்கில் சத்தம் கேட்காமல், கேமில் கை நழுவாமல், இரண்டுக்கும் ஒரே சுவிட்ச் உண்டா? பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? லைட்டை அணைத்து வைத்தால்? எல்லாவற்றுக்கும் கஜபதி பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்பான். அழகேசன் அதற்காகவே கேள்வி தேடினான். மதியமே சாப்பிட்டிருந்தாலும், அந்தச் செய்தி வந்த பிறகுதான் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

(இந்த இடத்தில் அழகேசன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முப்பத்து நாலு வயது ஆண்பிள்ளை, "என்னோடு பேசிக்கொண்டிரு" என்று நேராகக் கேட்க மாட்டானா? இதை எழுதிய அன்று, என்னோடு பத்து வருஷம் ஒரே அலுவலகத்தில் இருந்த ஒருவருக்குப் போன் போட நினைத்தேன். என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். காரணம் கிடைக்கவில்லை, போடவில்லை. சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

குழுவில் கிண்டல் ஆரம்பித்தது. அட்மின் விஷால், "கஜா மாமே, உன் ஆளு வாங்கவே மாட்டான். உன் வாயத்தான் புடுங்குறான்" என்று போட, நாற்பது பேர் சிரித்தார்கள். கஜபதிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம முடிக்கறேன் பாரு. எங்க கம்பெனில ஒருத்தர் பிரிக்காத பீஸ் ஒண்ணு வச்சிகினு கீறாரு. நீ கேட்ட அல்லாமே அதுல கீது. ப்ரோ, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட வந்துடு. கையிலயே குடுத்துட்றேன்."

அத்தனை பேர் பார்க்க வந்த அழைப்பு. அழகேசன் கட்டைவிரலை உயர்த்தும் படத்தைப் போட்டான். போட்டுவிட்டு நாற்காலியில் சரிந்தான்.

5

முடிவுகளை நான் யோசிப்பதற்குள் அவனே ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கிவிட்டான். எனக்கு வேலை மிச்சம்.

முடிவு அ: வாங்கிக்கொள்கிறான். மறுநாள் "எப்டி கீது?" என்று கஜபதி கேட்பான். "சூப்பர் ப்ரோ." ஒரு கைகூப்புப் படம். அதற்கப்புறம் ஒன்றும் வராது. நல்ல கீபோர்டு, அருமையாக ஓடும்.

முடிவு ஆ: வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான். இத்தனை நாள் மெனக்கெட்டவன் முகம் சுண்டிப்போகும். அதுவும் அத்தோடு முடிந்தது.

முடிவு இ: வாங்கிக்கொண்டுபோய், ஏதோ ஒரு எழுத்து வேலை செய்யவில்லை என்று புளுகுகிறான். ஒரு மாதம் ஓட்டலாம். (இது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் சில்லறைத்தனம்தான். ஆனால் அழகேசன் முடியாது என்றுவிட்டான். நல்ல பொருளைக் கொடுத்த மனிதனிடம் அப்படிச் சொல்ல நாக்கு வராது என்றான்.)

எப்படிப் பார்த்தாலும் இன்றோடு சரி. ஆட்டோ பூந்தமல்லியை நெருங்கிக்கொண்டிருந்தது. டிராபிக் ஜாம் ஆகட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பயணி அவனாகத்தான் இருப்பான். மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்திருந்த தகரத் தடுப்புகளைத் தாண்டி இறக்கிவிட்டார்கள்.

6

டீக்கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு ஒருவர் கையைத் தூக்கினார். ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். மீசையில் பாதி நரை. ஞாயிற்றுக்கிழமையிலும் பேண்டில் மடிப்புக் கலையாமல் சட்டையை உள்ளே விட்டிருந்தார். ப்ரோ என்று கூப்பிட்டே பழகிய அழகேசனுக்கு, பார்த்ததும் வாயில் "அண்ணே" என்றுதான் வந்தது. நானும் இனிமேல் அவர் என்றே எழுத வேண்டும்.

"அண்ணேவா? அப்ப இவ்ளோ நாளு கூப்ட்டது இன்னாத்துக்கு? ப்ரோவே கூப்டு நைனா" என்று சிரித்தார். "சாப்ட்டியா?"

போனில் வந்த வார்த்தையை முகத்தோடு பார்ப்பது அழகேசனுக்கு இதுதான் முதல்முறை. "சாப்ட்டேன்" என்றான். இரண்டு டீ சொன்னார். டீ வரும்வரை ரோட்டில் போன பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்:

"கீபோர்டு எட்த்துனு வர்ல ப்ரோ. அந்தாளு கடைசி நேரத்துல வேற யாருக்கோ குட்த்துட்டாரு. மனசுல வச்சிக்காத."

அழகேசனுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. பிழைத்தோம்! அதை மறைக்கத் தலையைக் குனிந்தான். குனிந்த கண்ணில் ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கிய கட்டைப்பை பட்டது. ஏதோ ஜவுளிக்கடையில் கொடுத்த பை. அதற்குள்ளிருந்து நீளமான ஒரு அட்டைப்பெட்டி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டிமேல் கீபோர்டின் படம். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

*

இங்கே நான் நிறுத்திவிட்டேன். சத்தியமாக இதை நான் திட்டமிடவில்லை. கஜபதி பெட்டியைக் கொடுப்பார், அழகேசன் தடுமாறுவான், அந்தத் தடுமாற்றத்தில் கதையை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பையைத் தொங்கவிட்டதுகூட ஹெல்மெட் வைத்துக்கொள்ளத்தான். மனிதர் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டு, கொண்டுவரவில்லை என்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழகேசனுக்கு ஊர் கொடுத்தேன், வேலை கொடுத்தேன், மூன்று நாற்காலி கொடுத்தேன். கஜபதிக்கு ஒரு போனைத் தவிர நான் ஒன்றுமே எழுதவில்லை. அவர் வீட்டில் மிக்ஸி ஓடுகிறதா, யார் சமைக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு இங்கே வருகிறவருக்கு வேறு போக்கிடம் உண்டா, எதுவும் எனக்குத் தெரியாது. அழகேசனுக்கும் தெரியாது. இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவன் "நீங்க சாப்ட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டதில்லை.

7

டீ வந்தது. கஜபதி இவன் பார்வை போன இடத்தைக் கவனிக்கவில்லை. அல்லது கவனித்துவிட்டுத்தான் பைக்கும் இவனுக்கும் நடுவே நகர்ந்து நின்றாரோ, எனக்குத் தெரியவில்லை.

"வேற ஒண்ணு பாக்கலாம் ப்ரோ. உனக்கு ஒண்ணும் அவசரம் இல்லியே? நானே தேடிச் சொல்றேன். இன்னா சொல்றே?"

"அவசரமே இல்லண்ணே, மெதுவாப் பாக்கலாம்" என்று அவனைச் சொல்லவைத்தேன். உடனே அழித்தேன். அப்படிச் சொன்னால் இருவருக்கும் இன்னும் சில மாதம் கிடைக்கும், பேட்டரியும் ரிசீவரும் பேசிக்கொண்டே காலத்தைத் தள்ளலாம். ஆனால் பூந்தமல்லி வரைக்கும் வந்து இருவரும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

"பைல பெட்டிய பாத்துட்டேண்ணே" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். கூச்சப்பட்டு அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால்? குழுவை விட்டே போய்விட்டால்? அழகேசனுக்கு இருப்பது அந்த ஒரே ஆள். அவரை வைத்துப் பந்தயம் கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. எனக்கென்ன, நான் கதையை முடித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். ஹாலில் உட்காரப்போவது அவன்.

ஆகவே நான் இங்கே விலகிக்கொள்கிறேன். கஜபதி டீயை ஊதிக்கொண்டே நிற்கிறார். டம்ளர் விளிம்புக்கு மேலாக அவனையே பார்க்கிறார். அழகேசன் வாயைத் திறந்துவிட்டான். பக்கத்தில் நிற்கிறவர் நீங்கள்தான். என்ன சொல்வதென்று சீக்கிரம் அவன் காதில் சொல்லுங்கள், அவர் டம்ளரைக் கீழே வைக்கப்போகிறார்.