யார் வேண்டுமானாலும்

கூட்ட மேசையைச் சுற்றி அந்தக் கருவி கைமாறி வந்துகொண்டிருந்தது. சோப்புக் கட்டி அளவுதான். ஓரமெல்லாம் வழவழப்பு, மேலே சில பொத்தான்கள். எதைத் தொட்டாலும் ஒரு பெண்குரல் அதன் பெயரைச் சொன்னது. கணக்காளர் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் பக்கத்து நாற்காலிக்கு நகர்த்தினார். பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகம் அது. தன்னார்வலர்கள் வந்து வாசித்துப் பதிவு செய்கிற புத்தகங்களை வாசகர்கள் வாங்கிப்போய்க் கேட்பார்கள். இங்கே உள்ள அத்தனை புத்தகங்களையும் இந்தக் கருவிக்கு மாற்றித் தருகிறோம், கருவியையும் வாசகர்களுக்கு இலவசமாகவே தருகிறோம், பராமரிப்பு முழுக்க எங்கள் பொறுப்பு என்று அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பிரதிநிதி சொல்லி முடித்திருந்தார். இளைஞர். பணிவான பேச்சு. அடுத்துப் பேச வேண்டியவர் நூலகத்தின் கணினிக்காரர்.

அவருக்கு அலுவலகத்தில் 'திறந்தவெளி' என்று பட்டப்பெயர். திறந்த மென்பொருள், திறந்த ஒலி வடிவம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருப்பவரைக் கணக்காளர் ஒருநாள் அப்படிக் கூப்பிடப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. அதில் அவருக்கு வருத்தமில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எழுந்து நின்று கருவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இது நல்லாத்தான் இருக்கு, நான் குறை சொல்லல. ஆனா இதுக்குள்ள போற புத்தகம் இதுல மட்டும்தான் பேசும். வேற எதுல போட்டாலும் வாயத் திறக்காது. இவங்க நாளைக்குக் கடைய மூடிட்டா நம்மகிட்ட இருக்கறது எல்லாம் செங்கல். இப்ப நம்ம ஓட்டற புரோக்ராம் அப்படி இல்ல. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் படிக்கலாம், யார் வேணும்னாலும் திருத்தலாம். நம்ம கோப்ப எந்தப் பெட்டியில போட்டும் கேக்கலாம். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

வெறும் வாய்ப்பேச்சு இல்லை அது. அவர் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு நிறுவனத்தின் பூட்டிய வடிவத்தில்தான் எல்லாம் இருந்தது. அந்த நிறுவனம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனது. கோப்புகள் அத்தனையும் அப்படியே இருந்தன, எதையும் திறக்க வழியில்லை. ஓர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒரு கோடைக்காலம் முழுக்கத் தொண்டை கட்டக் கட்ட வாசித்துக் கொடுத்த சட்டப் புத்தகம் அதற்குள் கிடந்தது. தேர்வுக்கு அதை நம்பியிருந்த மாணவி தினமும் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கியெடுத்து அவற்றைத் திறந்த வடிவத்துக்கு மாற்றியவர் இவர். அப்போதுதான் ஆள் மதம் மாறினார் என்பார் கணக்காளர்.

வாசகர்களின் சார்பில் கூட்டத்துக்கு வந்திருந்தவரை எல்லோரும் டெலிபோன் அக்கா என்பார்கள். ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. பார்வை பிறவியிலேயே கிடையாது. அவர் பிரதிநிதியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"தம்பி, இந்தப் புத்தகத்த நான் என் சிநேகிதிக்குக் குடுக்கலாமா?"

"அவங்களும் பதிவு பண்ணிக்கிட்டா அவங்க கருவியில தாராளமா கேக்கலாம் மேடம்."

"அவகிட்ட ஃபோனே கிடையாது, இதுல எங்கேருந்து பதிவு பண்ணுவா? ஒரு பழைய பாட்டுப் பெட்டி வெச்சிருக்கா. நான் மெமரி கார்டுல போட்டுக் குடுப்பேன். அடுப்புக்குப் பக்கத்துல வெச்சுக் கேட்டுக்கிட்டே வேலை பாப்பா."

"அது வந்து... பாதுகாப்பு காரணமா முடியாதுங்க மேடம்."

"யாருக்குப் பாதுகாப்பு? நான் என்ன கன்னம் வெச்சா திருடறேன்?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. பிரதிநிதியும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஜெயித்தாகிவிட்டது என்றுதான் கணினிக்காரர் நினைத்தார். சிரிப்பு அடங்கும்வரை அந்த இளைஞர் காத்திருந்தார்.

"சார் சொன்னது எல்லாமே நியாயம்தான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். யார் வேணும்னாலும் திருத்தலாம்னு சொன்னீங்க. இங்க யாரெல்லாம் சார் திருத்துவாங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கணினிக்காரர் கருவியை மேசையில் வைத்தார். "இவர் லீவு போட்டா நாங்க எல்லாருமே லீவுதான்" என்று கணக்காளர் எடுத்துக் கொடுத்தார். மறுபடி சிரிப்பு. கணினிக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது பாதியில் நின்றுவிட்டது. நிர்வாகி மட்டும் சிரிக்காமல், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று, பதிவறையில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஃபோனில் ஒரு கணினி ஆணையை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. மனைவி பக்கத்தில் சுவரோரம் நின்றிருந்தாள். சொல்லி முடித்து, "சரியாயிடுச்சு" என்று அவர் திரும்பியபோது அவள், "யாருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு அது அவருக்கு உறைக்கவில்லை. ஒரு நூலகமே தன் தலையில் நிற்கிறது என்கிற நினைப்பு அப்படி இனித்தது.

பிரதிநிதியைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு நிர்வாகி கணினிக்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க. உங்க டிரான்ஸ்பர் ஆர்டர் வந்திருக்கு. கேட்ட ஊர் கிளையே கிடைச்சிருக்கு, சந்தோஷம்தான். வீட்டுக்காரம்மாவும் பொண்ணும் அங்க போயி ரெண்டு வருஷமாகுதில்ல?"

"ஆமாங்க மேடம்." மனைவிக்கு அங்கே ஒரு பரிசோதனைக்கூடத்தில் நல்ல வேலை. வெள்ளிக்கிழமை மாலை பேருந்தில் போய்ச் சேருவார்; ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடி பேருந்து. பையைப் பிரிப்பதும் கட்டுவதுமாகவே அவருடைய குடும்ப வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

"நான் தடுக்கல. ஆனா நீங்களே சொல்லுங்க. நீங்க போன பிற்பாடு இது நின்னுடுச்சுன்னா நான் யாரக் கூப்பிடறது?"

"அங்கேருந்தே பாத்துக்கறேன் மேடம்."

"அந்தக் கிளை மேனேஜர் விடுவாரா? போன தடவை அங்கேருந்து இங்க வந்த ஆளு ஒருத்தர அவங்க வேலையப் பாக்க நான் விட்டேனா?" நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு வருஷம் இருக்கேன்னு சொல்லுங்க, அந்தத் தம்பிய டீயோட அனுப்பி வெச்சுடறேன். எல்லாம் இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும். இல்ல, போறேன்னு சொல்லுங்க, சந்தோஷமா ரிலீவ் பண்றேன். அவரோட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடறேன். ரெண்டுக்கும் நடுவுல என்னால நிக்க முடியாது. நாலு பேரு வந்து புத்தகம் எங்கன்னு கேட்டா நான்தானே பதில் சொல்லணும்? சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

அதில் அநியாயம் என்று ஒரு சொல்லைக்கூட அவரால் பொறுக்கியெடுக்க முடியவில்லை. இருந்திருந்தால் மல்லுக்கு நின்றிருப்பார். மல்லுக்கு நிற்பது அவருக்குக் கைவந்த கலை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் டெலிபோன் அக்கா மடக்குக் கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடி ஓசையிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன, ஜெயிச்சுட்டோமா?"

"ம்."

"ஜெயிச்சவங்க இப்படிக் கால இழுத்துக்கிட்டு நடக்க மாட்டாங்களே. மாத்தல் ஆர்டர் வந்திருக்காமே? கணக்காளர் வாய்ல எது நிக்கும்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கோலின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க பொண்ணு என்னைச் சபிப்பா. போங்கன்னும் சொல்ல மாட்டேன். என் சிநேகிதி வீட்டுல அந்தப் பெட்டி வாய மூடிக்கும், அவ என்னைச் சபிப்பா. அதனால வாயே திறக்காம டீ குடிக்கப் போறேன். வர்றீங்களா?"

"இல்லக்கா, கொஞ்சம் வேலை இருக்கு."

வேலை என்று அவர் சொன்னது ஒரு திடீர் யோசனையை. சாயங்காலத்துக்குள் இன்னொருவரைத் தயார் செய்துவிட்டால்? பதிவறைக்கு விரைந்தார். பதிவறைப் பெண் அங்கே பல வருடங்களாக இருக்கிறவள். ஒலிப்பதிவில் அவள் கை படு வேகம். வந்த புதிதில், "சார், இது எப்படி ஓடுதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "விடும்மா, நானே பண்ணிடறேன், சட்டுன்னு முடிஞ்சிடும்" என்று ஒவ்வொரு தடவையும் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்; ஏதாவது நின்றுபோனால் தானாகவே எழுந்து நாற்காலியைக் காலி செய்துவிடுவாள்.

இன்றைக்கு அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றார். பதிவுகளை அத்தியாயம் அத்தியாயமாக வெட்டி, திறந்த வடிவத்தில் சேர்த்துக் கொடுக்கும் தன் புரோக்ராமைத் திறந்து காட்டினார். "இங்க பாரு, எல்லாமே வெட்டவெளிச்சமா இருக்கு. ஒளிவு மறைவே கிடையாது. மேலேருந்து படிச்சுக்கிட்டே வா."

அவள் உதடு அசையப் படித்தாள். பாதிக்கு வந்ததும் நின்றாள். "சார், இங்க 'இந்த வரியைத் தொடாதே'ன்னு எழுதியிருக்கு. யார் எழுதினது?"

"நான்தான்."

"யார்கிட்ட சொல்றீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். அந்த வரி எதற்கு என்று அவருக்கே விளங்கவில்லை. என்றைக்கோ ஏதோ ஒன்று ஓடாமல் அடம்பிடித்தபோது போட்ட ஒட்டு. அதற்கும் கீழே, ஏன் என்று கேட்காதே, ஓடுகிறது என்று இன்னொரு குறிப்பு. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, உள்ளே வந்தவன் முட்டிக்கொள்கிற மாதிரி இப்படி எத்தனை இடத்தில் சுவர் எழுப்பியிருக்கிறோம் என்று அவர் திரையைக் கீழே ஓட்டி ஓட்டி எண்ணிப் பார்த்தார்.

அப்போது மகள் ஃபோனில் கூப்பிட்டாள். ஆர்டர் விஷயம் அங்கே போயிருந்தது. "அப்பா, ஜன்னல்கிட்ட யார் கட்டில போடறது? உன்னோடதா, என்னோடதா? அம்மா உன்னக் கேக்கச் சொன்னா."

"உன்னோடதையே போட்டுக்கோ கண்ணு."

"அப்ப நீ வரலையா?"

"வரலன்னு நான் எப்ப சொன்னேன்?"

"வரேன்னும் சொல்லலையே. நீ வர்றதா இருந்தா சண்டை போடுவல்ல?"

"அப்பா அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். பதிவறைப் பெண் கேட்காதவள் போல விசைப்பலகையின் தூசியை ஊதிக்கொண்டிருந்தாள்.

நிர்வாகியின் அறைக்குப் போகத்தான் எழுந்தார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குள் வாசிக்க வரும் பல் மருத்துவர் வந்துவிட்டார். வாரம் ஒருமுறை, தன் மருத்துவமனை வேலைக்கு நடுவில் ஓடிவந்து ஓர் அத்தியாயம் வாசித்துவிட்டு ஓடுகிறவர். கண்ணாடி அறைக்குள் ஒலிவாங்கியின் தண்டு தொய்ந்து கிடந்தது. அதை முடுக்கிவிட்டு வரலாம் என்று கணினிக்காரர் உள்ளே போனார். அவர் குனிந்து திருகாணியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே மருத்துவர் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்து, வெளியே சைகை காட்டிவிட்டார். "அசையாம நில்லுங்க சார், கொஞ்ச நேரந்தான். அங்க ஆளுங்க வாயத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. மருத்துவர் நிலத்தடி நீரைப் பற்றிய பாடத்தை வாசிக்கத் தொடங்கினார்.

மெத்தை வைத்துத் தைத்த கதவு. திறந்தால் முனகும், முனகினால் பதிவு கெடும். அவர் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றார். மூச்சைக்கூட அளந்து விட்டார். சட்டைப் பையில் ஃபோன் சத்தமில்லாமல் துடித்து அடங்கியது, மறுபடி துடித்தது. எடுத்துப் பார்க்கக்கூட வழியில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிர்வாகி வந்து, பதிவறைப் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாறை இடுக்குகளில் நீர் எப்படித் தேங்குகிறது என்று மருத்துவர் நிறுத்தி நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது பதிவறைப் பெண் சட்டென்று இரண்டாவது திரையின் பக்கம் திரும்பினாள். அவள் புருவம் சுருங்கியதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. காலையில் புரோக்ராமில் ஓடவிட்ட புத்தகங்கள் எங்கேயோ நின்றுவிட்டன. அவள் கண்ணாடி வழியாக அவரைத் தேடினாள். பழக்கதோஷத்தில் அவர் கை மேலே எழுந்தது. விடும்மா, நானே என்று சொல்லும் கை. பாதியில் அதை நிறுத்தி, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். நிர்வாகி குனிந்து ஏதோ கேட்டார். அவள் நாற்காலியைத் திரையை நோக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அவர் நின்ற மூலையிலிருந்து திரையின் முதுகுதான் தெரிந்தது. அதன் வெளிச்சம் அவள் முகத்தில் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறிக்கொண்டே இருந்தது. மருத்துவர் பக்கத்தைத் திருப்பினார்.